துடைத்தவன் தரப்பு

பேட்டை, திருநெல்வேலி.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பின்.

அன்பு மச்சான் ஹசன் அலிக்கு, உம்முடைய மனைவியின் மூத்த சகோதரன் அகமது மீரான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜா வெயிலில் உம்முடைய உடம்பும் வேலையும் குறைவில்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். இங்கே எல்லோரும் உடம்பளவில் நலம். அதற்கு மேல் விசாரிக்க வேண்டாம்.

நடந்த அநியாயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பத்து மூன்று வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் கையில், துடைக்கக் கூடாத ஒரு கண்ணாடியை, துடைக்கக் கூடாது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். கொடுத்தவள் உம்முடைய மகள் ஷஃபீகா. உடன் இருந்தவள் உம்முடைய மனைவி, என் தங்கை ஹமீது பீவி. பழி விழுந்தது என் தலையில். விஷயம் இவ்வளவுதான். இதற்கு மேல் உம் காதுக்கு வந்ததெல்லாம் பொய், அல்லது பேட்டையில் கை மாறிக் கை மாறிப் பெருத்தது.

இதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்றால், நான் அனுப்பும் குரல் செய்திகளை நீர் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக ஹமீது பீவி சொல்லிவிட்டாள். எழுபத்தொரு வயதுக்காரன் நிதானமாகச் சொன்ன நியாயத்தை, பேருந்துக்கு ஓடுகிறவன் பேச்சு மாதிரி கேட்டால் அதில் என்ன நியாயம் மிஞ்சும்? கடிதத்தை வேகமாக ஓடவிட முடியாது. உட்கார்ந்து படியும்.

அது கண்ணாடியே இல்லை, சிலிக்கான் என்று உம் வீட்டில் சொல்வார்கள். சிறுவிரல் நகத்தில் பாதி அளவு, கத்தரிப்பூ நிறத்தில் மினுங்குகிற ஒரு வில்லை. சிலிக்கான்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் மேல் பூச்சு கண்ணாடிப் பூச்சு. இதை ஷஃபீகாவே ஒத்துக்கொண்டிருக்கிறாள். மேலே கண்ணாடி இருந்தால் அது கண்ணாடி.

உம்முடைய மகள் பெங்களூரில் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று உமக்குத் தெரியாது. "லைட்டு சம்பந்தமா" என்று நீர் எல்லோரிடமும் சொல்லிவருகிறீர். எனக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிற்பகல் மூன்று மணிக்கு அவள் என்னைக் கூப்பிடுவாள். நான்கு வருடமாக இதுதான் வழக்கம். நான் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. ஒளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜங்ஷன் பழைய புத்தகக் கடையில் அட்டையில்லாமல் வாங்கிய ஒரு பாடநூலும், தேய்த்த லென்ஸும் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பாடநூலில் ஒரு விதி இருக்கிறது: எந்த ஒளியையும் அதன் அலைநீளத்தில் பாதிக்குக் கீழே ஒடுக்க முடியாது. முப்பது வருடமாக நான் இந்த விதியைப் பலருக்கும் எடுத்துச் சொல்லிவந்தேன். கேட்டவர்கள் குறைவு. அது வேறு விஷயம். ஒரு வெள்ளிக்கிழமை இவள் கூப்பிட்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்கு அலைநீளம் உள்ளதை, அதிலும் நூறில் ஒரு பங்கு இடத்துக்குள் அடைக்கப்போகிறேன் என்றாள். நடக்காது என்றேன். அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, ஒளி தனியாப் போனா ஒங்க விதிதான். இது தனியாப் போகல. பெருநாளைக்குத் துணி எடுக்க உம்மா டவுனுக்குப் போகுதுன்னு வைங்க. தனியாப் போனா எட்டு எப்படி வைக்கும்?"

"உங்க உம்மாவா? ரதவீதியே ரெண்டு எட்டுதான்."

"நாலு பிள்ளையளக் கையில பிடிச்சுக்கிட்டுப் போனா?"

"பைய, குட்டி குட்டி எட்டு."

"அம்புட்டுதான். மெல்லிசான படிகத்துக்குள்ள ஒளி நுழையயில, அதுல இருக்க அணுவெல்லாம் நடுங்கிக்கிட்டே ஒளியோட கையப் பிடிச்சுக்கிடுது. எட்டு குறுகிருது. குட்டி எட்டு வைக்கிற ஆளு குறுகலான முடுக்குக்குள்ளயும் போயிரலாம்லா."

ஒளி பாதி, அணுவின் நடுக்கம் பாதி. இந்தக் கூட்டுப் பிறவிக்குப் போலாரிட்டான் என்று பெயராம். மூன்று வெள்ளிக்கிழமை வாதாடினேன். நான்காவது வெள்ளிக்கிழமை, அது ஒளி அல்ல, கலப்பட ஒளி, கலப்படத்தை எந்த அளவிலும் தயாரிக்கலாம், சுத்தமான ஒளி இன்றைக்கும் என் விதிக்குக் கட்டுப்பட்டதே என்ற நிபந்தனையின் பேரில் ஒத்துக்கொண்டேன். "சரி மாமா, ஆய்வேட்டுல ஒரு வரி போட்டுருதேன்" என்றாள். போடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தப் படிகம் எப்படிக் கிடைக்கிறது என்பதைக் கேளும். போரான் நைட்ரைடு என்று வெள்ளையாக ஒரு பொருள். அதன் மேல் ஒட்டு நாடாவை ஒட்டிப் பிய்க்க வேண்டும். ஆமாம், பரிசுப் பொட்டலம் ஒட்டுகிற நாடா மாதிரி ஒன்றுதான். பிய்த்ததை மறுபடி பிய்த்து, அதை மறுபடி பிய்த்து, கடைசியில் வில்லையில் ஒற்றி எடுத்தால், அல்லாஹ் நாடினால், தேவையான மெல்லிசில் ஒரு செதில் ஒட்டியிருக்கும். இருநூற்றுப் பதினோரு தடவை பிய்த்து இவளுக்கு ஒன்று வாய்த்தது. அதைத் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், அதன் மேல் ஒளியை அடைக்க நுண்ணிய பள்ளங்கள் வெட்டி வாங்கியிருக்கிறாள். இனி அதை ஊசிமுனையால் வருடிப் படமெடுக்கிற கருவியில் வைக்க வேண்டும். அந்தக் கருவி பெங்களூரில் வேறொரு நிறுவனத்தில் இருக்கிறது. எட்டு மாதம் காத்திருந்து இரண்டு நாள் கிடைத்திருக்கிறது. வருகிற செவ்வாயும் புதனும். அதை விட்டால் மறுபடி எட்டு மாதம். இவளுடைய ஆய்வுக்காலமோ டிசம்பரோடு முடிகிறது. திருவனந்தபுரத்திலிருந்து பெங்களூருக்குத் திரும்புகிற வழியில், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் வீட்டில் தங்கினாள். வில்லை ஒரு சிறு பெட்டியில் அவள் கைப்பையில் இருந்தது.

பெருநாள் அன்று உம் வீட்டில் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தோம். நான் மரியாதைக்கு, "அதை ஒருக்காக் காட்டு, பாப்போம்" என்றேன். மூன்று தடவை வற்புறுத்திக் கேட்டேன் என்று ஹமீது பீவி சொல்வது மிகை. இரண்டு தடவை. ஷஃபீகா பெட்டியைத் திறந்து கையில் கொடுத்தாள். நான் சன்னல் பக்கம் போய் வில்லையை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டினேன். ஓரத்தில் மங்கலாக ஒரு கறை. ஹா என்று ஊதினேன். சட்டை முனையால் துடைத்தேன். மறுபடி வெளிச்சத்துக்குக் காட்டினேன். பளிச்சென்று இருந்தது.

மச்சான், இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று நீரே சொல்லும். இத்தனை வருடத்தில் என் கைக்கு வந்து, ஊதப்படாமலும் துடைக்கப்படாமலும் திரும்பிப் போன கண்ணாடி ஒன்று கிடையாது. கண்ணாடியில் படிந்த தூசியைப் பார்த்தே ஆள் எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன். செக்கச்செவேலென்று படிந்திருந்தால் திசையன்விளை. உமித்தூசி ஒட்டியிருந்தால் அறுவடை நேரத்துச் சேரன்மகாதேவி. இரும்புப் பொடி குத்திக் கீறியிருந்தால் நம் பேட்டைப் பட்டறைக்காரன். அழுக்கு எது, அழுக்கு அல்லாதது எது என்று எனக்குத் தெரியாதா?

"மாமா" என்றாள் ஷஃபீகா.

ஹமீது பீவி அடுப்படியிலிருந்து அந்த நேரம் பார்த்து பாயசத்தோடு வந்தாள். "என்ன காக்கா செஞ்சிய?" என்று அண்ணனான என்னைக் கேட்டாள்.

"தொடச்சேன்."

"எதுக்கு?"

"அழுக்கா இருந்துச்சு."

அவள் மகள் முகத்தைப் பார்த்தாள், என் சட்டை முனையைப் பார்த்தாள். "அது அழுக்கில்ல காக்கா. அது ஆறு மாசம்."

அப்புறம் மகள் பக்கம் திரும்பி, "ஏட்டி, தொடக் கூடாதுன்னு நீ சொல்லலியா?" என்று கேட்டாள். இனி வருவதைக் கவனமாகப் படியும். ஷஃபீகா தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல உம்மா, நாந்தான் சொல்லல. என் தப்புதான். மாமாவ ஒண்ணும் சொல்லாதிய" என்றாள். கேட்டீரா? இது அவள் வாக்குமூலம். கொடுத்தவளே சொல்லவில்லை என்று ஒத்துக்கொண்ட பிறகு, துடைத்தவன் மேல் என்ன வழக்கு இருக்கிறது? இதைத்தான் இத்தனை நாளாக ஒவ்வொருவரிடமும் சொல்லிவருகிறேன். சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததை யாரிடம் சொல்லி அழ? செதில் சட்டையில் ஒட்டியிருக்கலாம் என்று ஹமீது பீவி என் பெருநாள் சட்டையைக் கழற்ற வைத்து, ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு, பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் பூட்டி வைத்தாள். நான் உம்முடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வயிற்றில் பொத்தான் போட முடியவில்லை. நீர் அந்தக் காலத்தில் என்ன மெலிவு. மறுநாள் ஷஃபீகா ரயிலேறுவதற்கு முன், பையைக் கடைக்குக் கொண்டுபோய் என் பெரிய உருப்பெருக்கியில் சட்டை முனையை நூல் நூலாகப் பார்த்தேன். ஒரு பருக்கை, ஒரு பூனை மயிர், அத்தர் கறை. அந்தச் செதிலை என் உருப்பெருக்கியில் பார்க்க முடியாது என்று ஷஃபீகா முதலிலேயே சொல்லியிருந்தாள். இருந்தாலும் பார்த்தேன். பையை ஹமீது பீவி திரும்ப வாங்கிப் பூட்டிவிட்டாள். பெங்களூர் போய் நல்ல கருவியில் வில்லையைப் பார்த்திருக்கிறாள். தடித்த செதில் இரண்டு ஓரத்தில் இருக்கிறதாம். பள்ளம் வெட்டிய செதில் இல்லை. ஹமீது பீவிதான் வந்து சொன்னாள்.

நான் பூனை மயிர் தேடிக்கொண்டிருந்ததைப் பக்கத்து மாவு மில் பாபநாசம் பார்த்துவிட்டான். என்னவே தேடுதீரு என்றான். நான் உள்ளபடி சொன்னேன். அங்கேதான் தவறு. அன்று சாயங்காலத்துக்குள் பேட்டை முழுக்க, மீரான் பாய் மருமகள் கொண்டுவந்த வைரத்தைத் துடைத்துத் தொலைத்துவிட்டார் என்று ஆகிவிட்டது. வைரம் இல்லை, ஒளியை அடைக்கிற செதில் என்று திருத்தினேன். அது இன்னும் மோசம்.

"வே மீரான் பாய், ஒம்ம சட்டையில ஒளிய அடைச்சி வச்சிருக்காம்லா. கரண்டு போனா அதப் போட்டுக்கிட்டு என் மில்லு பக்கமா வந்து நில்லும்" என்கிறான் பாபநாசம்.

"அது கண்ணுக்குத் தெரியாத ஒளி."

"தெரியாத ஒளிய எதுக்குவே அடைக்கணும்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

ஒரு துளித் தண்ணீரில் நாலைந்து நச்சு மூலக்கூறு கிடந்தாலும் இந்த ஒளியை வைத்து நாளைக்குக் கண்டுபிடித்துவிடலாம், ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கலாம் என்று விளக்கினேன். "ஆத்துல சாயக்கழிவு வருதுன்னு சொல்ல ஒளி எதுக்குவே, மூக்கு போதுமே" என்று சொல்லிவிட்டு மில்லை ஓடவிட்டான். அதற்கு மேல் என்ன சொன்னாலும் கேட்காது.

வியாபாரத்துக்கும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. சேரன்மகாதேவி விஜயஸ்ரீ டீச்சர் பதினெட்டு வருடமாக என்னிடம்தான் கண்ணாடி போடுகிறார். போன வாரம் புது லென்ஸை மாட்டி, வழக்கம்போல் வாய்ப்பக்கம் கொண்டுபோனேன். "அண்ணாச்சி, இருக்கட்டும். அப்படியே தாங்க. வீட்டுல போயித் தொடச்சிக்கிடுதேன்" என்றார். சிரிக்காமல் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அப்புறம் வந்த நாலு பேரும் அதையே சொன்னார்கள். இப்போதெல்லாம் கண்ணாடியைத் தூசியோடு கொடுக்கிறேன்.

சும்மா இருக்கவும் முடியவில்லை. பிய்ப்பது அப்படி என்ன பெரிய வித்தை என்று பார்க்கலாமென்று, பழைய இஸ்திரிப் பெட்டியைப் பிரித்து உள்ளே இருந்த, மைக்கா என்கிற அபிரகத் தகட்டை எடுத்தேன். அதுவும் அடுக்கடுக்காக உரிகிற பொருள்தான். அது பழைய பெட்டி அல்ல, நடப்பில் இருக்கிற பெட்டி என்று என் மனைவி நஃபீஸத் அப்புறம் வந்து சொன்னாள். "பேத்தி ஊர்ல இருந்து வர்றா, கல்யாணத்துக்குப் போகணும், நீங்க பெட்டியப் பிரிச்சு வச்சிக்கிட்டு டேப்பு ஒட்டுதிய" என்றாள். அவள் சொன்னதிலும் பிழையில்லை. நாடாவை ஒட்டிப் பிய்த்தேன், ஒட்டிப் பிய்த்தேன். ஒரு தடவை தாடியில் ஒட்டிக்கொண்டு அதிலும் கொஞ்சம் பிய்ந்தது. முப்பத்தெட்டாவது தடவையில், இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாத மெல்லிசில் ஒன்று வந்தது. அலுப்பில் ஒரு பெருமூச்சு விட்டேன். அதன் பிறகு நிச்சயமாக இல்லை. இடுப்பு நிமிரவில்லை. உம்முடைய மகள் இருநூற்றுப் பதினோரு தடவை பிய்த்திருக்கிறாள். இப்போது பெங்களூரில் மறுபடி முதலிலிருந்து பிய்த்துக்கொண்டிருக்கிறாளாம். பள்ளம் வெட்ட இனி நேரமில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் வெறும் செதிலாவது ஒன்று வாய்த்தால் பாதிப் படமாவது எடுக்கலாமாம். அதுவும் ஹமீது பீவி சொல்லித்தான் தெரியும். இரண்டு வெள்ளிக்கிழமையாக எனக்கும் ஷஃபீகாவுக்கும் பேச்சு இல்லை.

ஆகவே, யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுகிறேன். நீர் உம் மனைவியைக் கூப்பிட்டு, உம் மகள் தன் வாயாலேயே தப்பு தன்னுடையது என்று சொன்னதை நினைவுபடுத்த வேண்டும். வேகமாக ஓடவிட்டுக் கேட்க முடியாதபடி நேரடியாகவே பேசும். ஹமீது பீவி என் பெருநாள் சட்டையைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொண்டுவந்து தர வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது இஸ்திரிப் பெட்டி இல்லை. பாபநாசம், என் மருமகளுடைய வைரம் என்ற பேச்சைத் தான் கிளப்பிய அதே டீக்கடையில் நின்று மறுக்க வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டான், நீர் அவனுக்கு இரண்டு வரி அனுப்பும், வெளிநாட்டிலிருந்து வந்தால் மதிப்பான். ஷஃபீகாவின் பேராசிரியர் யாரோ, அவர் இனிமேல் இந்த மாதிரி வில்லை வைக்கிற பெட்டி எல்லாவற்றின் மேலும் துடைக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். விஜயஸ்ரீ டீச்சர் ஒருநாள் கடைப்பக்கம் வந்து கண்ணாடியைக் கழற்றித் தர வேண்டும், நான் ஊதித் துடைத்துக் கொடுப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும். ஷஃபீகா பிய்க்கிற வேலையை மட்டும் பார்க்கட்டும். நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

அல்லாஹ் உமக்கு நீண்ட ஆயுளையும், நிறைந்த பரக்கத்தையும், பெரியவர்கள் சொல்வதை முழுசாகக் கேட்கிற பொறுமையையும் தருவானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தவறேதும் செய்யாத
அகமது மீரான்.

பி.கு. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அவள் சொன்னாள், மச்சான். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே சொன்னாள். "மாமா, பாக்கலாம், தொடக் கூடாது, மூச்சுக்கூட மேல பட்டுரக் கூடாது" என்று என் முகத்தைப் பார்த்துப் பைய சொன்னாள். ஹமீது பீவி அப்போது அடுப்படியில் இருந்தாள். என் காதில் நன்றாக விழுந்தது. சரி என்றுகூடச் சொன்னேன். கை எப்போது வாய்ப்பக்கம் போனது என்றுதான் தெரியவில்லை. அப்புறம் அவள் உம்மா கேட்டபோது நான் சொல்லலை என்றாள். நானும் ஆமாம், சொல்லலை என்றேன். பேச்சு இல்லை என்று எழுதினேன் அல்லவா? இரண்டு வெள்ளிக்கிழமையும் அவள் கூப்பிட்டாள். போனை மேசையில் வைத்து, அது அடித்து ஓய்வது வரை பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்று மேலே எழுதியிருப்பதை நீரே அடித்துவிடும். எனக்கு மறுபடி எழுத முடியாது. இப்போது மணி மூன்றே கால். இன்றைக்கு இன்னும் அடிக்கவில்லை. இந்த நாலு வருடத்தில் நானாக அவளைக் கூப்பிட்டதே கிடையாது. இதைத் தபாலில் போடுவதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். முதலில் கூப்பிடுகிறேன்.